பொருளியற் பேரறிஞர் சும்பீற்றர்

ஒரு நாட்டின் செல்வநிலை எதனால் மாறுகின்றது? நிலம் விரிவதனாலா? மக்கட்டொகை பெருகுவதனாலா? சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் குவிவதனாலா? இவையாவும் துணைக் காரணங்களேயன்றி முதற்காரணம் ஆகா. புதியதொன்றைத் துணிந்து செய்யும் மனிதனே மாற்றத்துக்கு முதல்வன் என்று நிறுவிய அறிஞர் ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக வாசகர்க்கு அளிக்க விழைகின்றோம். ஒஸ்திரியப் பேரரசிலே பிறந்து, ஐக்கிய அமெரிக்காவிலே மறைந்த ஜோசப் அலோயிஸ் சும்பீற்றரே அவர்.

1883ஆம் ஆண்டு பொருளியல் வரலாற்றிலே குறிக்கத்தக்க ஆண்டாகும். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலே கார்ல் மாக்ஸ் இலண்டனிற் காலமானார். ஜூன் மாதத்திலே ஜோன் மேனாட் கெயின்ஸ் கேம்பிரிட்ஜ் நகரிற் பிறந்தார். இவ்விரண்டுக்கும் முன்னர், பெப்ரவரி 8ஆந் திகதி, சும்பீற்றர் பிறந்தார். முதலாளித்துவம் தன் முரண்பாடுகளால் வீழ்ந்தொழியும் என்று மாக்ஸ் கணித்தார். நோயுற்ற முதலாளித்துவத்துக்கு அரசாங்கம் மருந்தளித்தல் வேண்டுமெனக் கெயின்ஸ் வாதித்தார். அதன் உயிர்நாடி எங்கே இருக்கின்றது என்று தேடியவர் சும்பீற்றர். முன்னவர் இருவரின் பெயரும் நம்மவர் பலர்க்குத் தெரியும். மூன்றாமவரின் பெயர் அத்துணை பரவவில்லை. ஆதலின் அவரைப் பற்றி எழுதுதல் பயனுடைத்தெனக் கருதினோம்.

பிறப்பும் கல்வியும்

இன்று செக் குடியரசைச் சேர்ந்த திறீஷ் என்னும் சிற்றூரே அவர் பிறந்த இடம். தந்தையார் துணி ஆலை நடத்திய குடும்பத்தினர். மகனுக்கு நான்கு வயதளவில் அவர் இறந்துவிட்டார். இளமையிலே கைம்மை எய்திய தாயார் ஜொஹானா மனந்தளரவில்லை. ஒரே மைந்தனை உயர்ந்த நிலையில் வைத்துக் காணவேண்டும் என்பதே அவரது வாழ்வின் நோக்கமாயிற்று. சிற்றூரை விட்டுக் கிராஸ் நகருக்குச் சென்றார். பின்னர் 1893இலே, தம்மிலும் வயதில் மிக மூத்தவரும் ஓய்வுபெற்ற சேனைத்தலைவருமாகிய ஒருவரை மறுமணஞ் செய்து வியன்னாவிற் குடியேறினார். அத்திருமணத்தின் பயனாக, பிரபுக்களின் புதல்வர்களே பெரும்பாலும் பயின்ற தெரேசியானம் என்னும் கல்லூரியின் வாயில் துணி ஆலைக்காரரின் மைந்தனுக்குத் திறந்தது. கிரேக்கம், இலத்தீன், ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகளை ஆங்கே கற்றார். குதிரையேற்றமும் வாட்பயிற்சியும் அவருக்குக் கைவந்தன. பிரபுக்களின் நடையுடை பாவனைகள் இறுதிவரை அவரை விட்டகலவில்லை.

1901இல் வியன்னாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, 1906இலே சட்டத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அந்நாளிலே பொருளியல் சட்டக்கல்வியின் ஒரு கூறாகவே ஆங்குக் கற்பிக்கப்பட்டது. நிதி மந்திரியாக இருந்து விலகிய பேராசிரியர் போம்-பாவெர்க்கின் ஆய்வு வகுப்பிலே சும்பீற்றருடன் அமர்ந்தவர்கள் சாமானியர் அல்லர். பிற்காலத்திலே சமதர்மத் தலைவர்களாக விளங்கிய ஒட்டோ பௌவரும் ருடோல்ப் ஹில்பெர்டிங்கும் ஒருபுறம்; தடையிலாச் சந்தையின் காவலரென மதிக்கப்பட்ட லுட்விக் பொன் மீசெஸ் மறுபுறம். மாக்சின் கொள்கை பற்றி அவ்வகுப்பிலே நிகழ்ந்த வாதங்கள் கடுமையானவை. இரு சாராரையும் கேட்டு, இரு சாராரிலும் சேராது நின்றவர் சும்பீற்றர். மாக்சின் முடிவுகளை அவர் ஏற்கவில்லை. ஆயினும் முதலாளித்துவம் ஓரிடத்தில் நில்லாது தன்னைத்தானே மாற்றிக்கொண்டு ஓடுவது என்னும் உண்மையை மாக்சிடமிருந்தே கற்றார். அக்கடனை என்றும் மறைத்தாருமல்லர்.

பின்னர் இங்கிலாந்து சென்று, அங்கே கிளாடிஸ் என்னும் ஆங்கில மாதை மணந்தார். கெய்ரோ நகரிலே சிறிது காலம் சட்டத்தொழில் நடத்தினார். 1908இலே முதல் நூலை வெளியிட்டு, 1909இல், இன்று உக்கிரேனுக்கு உட்பட்டிருக்கும் செர்னோவிற்ஸ் நகர்ப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு. அங்கே அவர் மாணவர் பொருட்டு வாள் எடுத்த கதை சுவையானது. மாணவர் நூல்களை எடுத்துப் படிப்பதற்கு நூலகர் தடை செய்ய, வாக்குவாதம் முற்றி, அக்கால வழக்கப்படி இருவரும் வாட்போர் புரிந்தனர். நூலகரின் தோளிலே சிறு காயம் ஏற்பட்டது; மாணவர்க்கு நூல்கள் கிடைத்தன; போரிட்ட இருவரும் பின்னர் நண்பராயினர்!

செக்கும் புதுவழியும்

1911இலே, தமது இருபத்தெட்டாம் வயதில், பொருளாதார வளர்ச்சிக் கொள்கை என்னும் நூலை அவர் வெளியிட்டார். அவருடைய புகழுக்கு அடித்தளம் அந்நூலே.

அதன் சாரத்தை நமக்குப் பழக்கமான ஓர் உவமையால் விளக்கலாம். செக்கிலே பூட்டிய மாடு நாள்முழுதும் நடக்கின்றது, எண்ணெயும் கிடைக்கின்றது, ஆயினும் மாடு புறப்பட்ட இடத்துக்கே திரும்புகின்றது. புதுமையற்ற பொருளாதாரமும் அத்தகையதே. விதைப்பவன் விதைக்கின்றான், நெய்பவன் நெய்கின்றான், வணிகன் விற்கின்றான். சென்ற ஆண்டு செய்தவற்றையே இவ்வாண்டும் செய்கின்றனர். உழைப்பவன் கூலி பெறுகின்றான். ஆனால் இலாபம் என்று சிறப்பித்துச் சொல்லத்தக்கது எவருக்கும் மிஞ்சுவதில்லை. இந்தச் சுற்றை உடைப்பவன் எவனோ அவனே முயற்சியாளன். அவன் செய்யும் புத்தாக்கத்தைச் சும்பீற்றர் ஐந்து வகையாகப் பகுத்தார். புதிய பண்டத்தைப் படைத்தல், புதிய உற்பத்தி முறையைக் கையாளுதல், புதிய சந்தையைத் திறத்தல், மூலப்பொருளுக்குப் புதிய இடத்தைக் காணுதல், தொழிலைப் புதிய முறையில் ஒழுங்கமைத்தல் என்பன அவை.

ஈண்டு நாம் கூர்ந்து நோக்கவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. கண்டுபிடிப்பவன் வேறு, முயற்சியாளன் வேறு. பஞ்சு நூற்கும் இயந்திரத்தால் இங்கிலாந்தின் தொழிலையே மாற்றிய றிச்சாட் ஆர்க்றைற் என்பவர் முடிதிருத்துவோராகவும் பொய்ம்மயிர் செய்வோராகவும் வாழ்க்கையைத் தொடங்கியவர். 1775இலே அவர் பெற்ற ஆக்கவுரிமை, இயந்திரத்தின் கருத்து பிறருடையது என்ற வழக்கிலே சிக்கி, 1785இல் நீதிமன்றத்தாலே தள்ளப்பட்டது. ஆயினும் 1771இலே குறொம்போட் என்னுமிடத்தில் ஆற்றுநீரின் விசையால் இயங்கும் ஆலையை அமைத்து, பிறர் பணத்தைத் திரட்டி, தொழிலாளரைக் கூட்டி, நேரந் தவறாது வேலைசெய்யப் பழக்கியவர் அவரே. கருத்து பலரிடம் இருந்தது. அதனைக் காரியமாக்கிய துணிவு ஒருவரிடமே இருந்தது.

அத்துணிவுக்குப் பணம் வேண்டுமன்றோ? முயற்சியாளன் செல்வனாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. வங்கியாளன் நம்பிக் கொடுக்கும் கடனே அவனது கருவி. பழைய தொழில்களிலே முடங்கிக் கிடக்கும் உழைப்பையும் பொருள்களையும் அக்கடன் புதிய வழிக்கு ஈர்க்கின்றது. ஆகவே முதலாளித்துவத்தின் தலைவாயிலிலே முயற்சியாளனோடு வங்கியாளனையும் நிறுத்தினார் சும்பீற்றர். கடன் என்றாலே அஞ்சும் நமக்கு இக்கருத்து புதுமையாகத் தோன்றும். உண்டு உடுத்து ஒழிப்பதற்கு வாங்கும் கடன் வேறு, உற்பத்திக்கு வாங்கும் கடன் வேறு என்பதை அவர் கொள்கை தெளிவாக்குகின்றது.

முயற்சியாளன் பெறும் இலாபம் நிலையானதன்று. ஒருவன் காட்டிய வழியிலே பலர் புகுவர், போட்டியினால் விலை இறங்கும், இலாபம் கரையும், பயன் பொதுமக்களைச் சேரும். ஹென்றி போட் 1908இலே தமது ரீ மாதிரி மோட்டார் வண்டியை ஏறக்குறைய 850 டொலருக்கு விற்றார். 1913இல் நகரும் தொடரிலே வண்டியைப் பூட்டும் முறையைப் புகுத்தினார். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட அடிச்சட்டப் பூட்டுவேலை ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலமாகக் குறைந்தது. 1920களின் நடுவிலே அவ்வண்டியின் விலை 300 டொலருக்கும் கீழே வந்தது. செல்வரின் விளையாட்டுப் பொருளாக இருந்தது கமக்காரனின் ஊர்தியாயிற்று. ஆயினும் ஒரே மாதிரியைப் பற்றிக்கொண்டிருந்த போட்டை, ஆண்டுதோறும் புதிய மாதிரிகளைத் தந்த போட்டியாளர் முந்தினர். 1927இல் ரீ மாதிரியின் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. புதுவழி காட்டியவனும் பழைய தடத்திலே நடக்கத் தொடங்கினால் செக்குமாடாகி விடுகின்றான்.

அரசியலும் வங்கியும்

கொள்கை வகுத்தவரை வாழ்க்கை சோதனைக்கு உட்படுத்தியது. முதலாம் உலகப்போர் 1914இலே மூண்டபோது மனைவியார் இங்கிலாந்திலே தங்கிவிட்டார். அத்துடன் அவ்விருவரின் இல்வாழ்க்கை முடிவுற்றது. போரிலே பேரரசு சிதைந்தது. 1919 மார்ச்சு மாதத்திலே, தோல்வியுற்றுப் பசியால் வாடிய சிறிய ஒஸ்திரியக் குடியரசுக்குச் சும்பீற்றர் நிதி மந்திரியானார். போர்க்கடனைத் தீர்க்கச் சொத்துகள்மீது ஒருமுறை பெருவரி விதிக்கவேண்டுமெனத் திட்டம் வகுத்தார். சமதர்மக் கட்சியினரும் பழைமைக் கட்சியினரும் ஒருங்கே அவரை ஐயுற்றனர். பழைய வகுப்புத் தோழராகிய பௌவரும் அவருக்கு எதிராக நின்றார். அதே ஆண்டு ஒக்டோபரிலே பதவி போயிற்று.

1921இலே வியன்னாவின் பீடெர்மான் வங்கிக்குத் தலைவரானார். வங்கியாளனைப் புகழ்ந்தவர் தாமே வங்கியாளராயினார்! கடன் வாங்கிப் பல தொழில்களிலே பணத்தை ஈடுபடுத்தினார். சிறிது காலம் செல்வம் பெருகியது. 1924இலே வியன்னாப் பங்குச்சந்தை சரிந்தது. அவர் பணமிட்ட தொழில்கள் வீழ்ந்தன; வங்கித் தலைமையையும் இழந்தார். நாற்பத்தொரு வயதிலே கையிற் பொருளின்றி, தலைமேற் பெருங்கடனுடன் நின்றார். கடன்காரரை ஏமாற்றி ஒளிய அவர் எண்ணவில்லை. எழுதியும் சொற்பொழிவாற்றியும் ஈட்டிய பணத்தைக்கொண்டு ஆண்டுக்கணக்காக அக்கடனைத் தீர்த்தார். புத்தாக்கத்தின் மறுபக்கத்தை நூல்களிலே மட்டுமன்றித் தம் வாழ்விலும் அவர் அறிந்துகொண்டார்.

1925இலே ஜேர்மனியின் பான் நகர்ப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றது. அவ்வாண்டு ஆனி என்னும் இளநங்கையை மணந்தார். இன்பம் ஓராண்டும் நீடிக்கவில்லை. 1926 ஜூன் மாதத்திலே தாயார் காலமானார். ஓகஸ்ட் மாதத்திலே ஆனி மகப்பேற்றின்போது இறந்தார். பிறந்த குழந்தையும் உயிர்தரிக்கவில்லை. இத்துயரத்தின் நிழல் அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. தனித்திருந்து எழுதிய நாட்குறிப்புகளிலே, தாயையும் மனைவியையும் தம்மைக் காக்கும் தெய்வங்கள்போல் விளித்துத் துணை வேண்டினார் என்பதைப் பிற்காலத்தார் அறிந்தனர். வெளியிலோ, மிடுக்கான உடையும் நகைச்சுவைப் பேச்சும் உடையவராகவே உலகம் அவரைக் கண்டது.

ஆக்கமும் அழிவும்

1932இலே ஐக்கிய அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்திலே நிலையாக அமர்ந்தார். அவரிடம் பயின்றோருள் போல் சாமுவேல்சன், ஜேம்ஸ் ரோபின் ஆகியோர் பின்னாளிலே நோபல் பரிசு பெற்றனர். மாக்சியவாதியாகிய போல் சுவீசியும் அவருடைய அன்புக்குரிய மாணாக்கரே. தம் கொள்கையை மாணவர்மீது திணிக்காமை அவரது பெருங்குணம். 1936இலே கெயின்சின் பெருநூல் வெளிவந்ததும் இளைஞரெல்லாம் அதன்பால் ஓடினர். 1939இலே, பல்லாண்டு உழைத்து, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட வணிகச் சுழற்சிகள் என்னும் நூலைச் சும்பீற்றர் வெளியிட்டபோது வரவேற்பார் சிலரே. பஞ்சும் நீராவியும் ஓரலை, புகையிரதம் மற்றோரலை, மின்சாரமும் இரசாயனமும் மோட்டார் வண்டியும் இன்னோரலை எனப் புத்தாக்கங்கள் கூட்டங்கூட்டமாக வந்து, செழிப்பையும் பின்னர் மந்தத்தையும் விளைக்கின்றன என்பது அந்நூலின் துணிபு.

1937இலே அவர் மணந்த பொருளியல் வரலாற்றறிஞர் எலிசபெத் பூடியின் துணை அவருக்கு அமைதி அளித்தது. முதலாளித்துவம், சமதர்மம், சனநாயகம் என்னும் நூல் 1942இலே வெளிவந்தது. ஆக்க அழிவு என்னும் சொற்றொடரை உலகறியச் செய்தது இந்நூலே. விலையைச் சிறிது குறைத்து விற்கும் போட்டி பெரும் போட்டியன்று. பழைய தொழிலின் அடிவேரையே அறுக்கும் புதுத்தொழிலின் போட்டியே உண்மைப் போட்டி என்று அதிலே விளக்கினார். குதிரை வண்டிகளை எத்துணை பெருக்கினாலும் அவை புகையிரதம் ஆகா. புகையிரதம் வந்தபின் குதிரை வண்டிக்காரனுக்கு வாழ்வில்லை. ஆக்கமும் அழிவும் ஒரே செயலின் இரு முகங்கள். இக்கருத்தினை ஜேர்மன் அறிஞர் வேர்னர் சோம்பார்ட் முன்னரே தொட்டிருந்தார். அழித்தலையும் ஆக்கலையும் இணைத்துக் காணும் சிவபெருமான் பற்றிய இந்திய எண்ணம் ஜேர்மன் சிந்தனையிற் கலந்து, அவ்வழியாகப் பொருளியலை அடைந்தது என்று நம் காலத்து ஆய்வாளர் சிலர் காட்டியிருப்பது சைவ மக்களாகிய நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

ஆயினும் அழிவு யார் தலைமேல் விழுகின்றது என்று கேளாதிருத்தல் அறமாகுமா? அவுரியின் கதையை நோக்குவோம். அவுரிச் செடியிலிருந்து எடுக்கும் நீலச்சாயம் வங்காளம், பீகார் முதலாகச் சென்னை மாகாணம் வரையில் எத்தனையோ குடிகளின் வாழ்வோடு பிணைந்திருந்தது. ஜேர்மன் இரசாயன அறிஞர் அடொல்ப் பொன் பேயர் 1880இலே ஆய்வுகூடத்தில் அச்சாயத்தை ஆக்கினார். அதனை மலிவாகச் செய்து விற்கும் வழியைக் காண ஜேர்மன் நிறுவனத்துக்குப் பதினேழு ஆண்டுகள் சென்றன. 1897இலே செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. உலகத்துக்கு மலிவான சாயம் கிடைத்தது. அவுரித் தொழில் சரிந்தது. பீகாரின் சம்பாரணிலே ஐரோப்பியத் தோட்டக்காரர் தம் நட்டத்தை, குத்தகையை உயர்த்தியும் ஈட்டுத்தொகை வாங்கியும் ஏழை உழவர்மீது சுமத்தினர். 1917இலே காந்தியடிகள் அங்கே சென்று போராடியதன் பின்னணியில் இவ்வரலாறும் உண்டு. செயற்கைச் சாயத்தை ஆக்கிய இரசாயன அறிஞர் குற்றவாளி அல்லர்; ஆனால் அதனால் நலிந்த உழவனுக்கு அவருடைய வெற்றி ஆறுதலாகவும் மாட்டாது.

இதனைச் சும்பீற்றர் அறியாதவரல்லர். காலங்கடந்த தொழிலை என்றென்றும் தாங்கி நிறுத்த முயல்வது வீண் என்றே அவர் கொண்டார். எனினும், அது திடீரெனச் சரிந்து எல்லாரையும் நசுக்காதவாறு, தோல்வியுற்ற படை ஒழுங்காகப் பின்வாங்குவதுபோல் பின்வாங்கச் செய்வதிலே பொருளுண்டு என்பதையும் அந்நூலிலே ஒப்புக்கொண்டார். அவரைப் போற்றுவோர் பலர் இப்பகுதியை மறந்துவிடுகின்றனர். நாம் மறத்தலாகாது.

அதே நூலிலே அவர் கூறிய எதிர்காலக் கணிப்பு வியப்பானது. முதலாளித்துவம் தோல்வியால் அன்று, தன் வெற்றியாலேயே தேயும் என்றார். பெரிய நிறுவனங்களின் ஆய்வுகூடங்களிலே சம்பளக்காரர் புதுமையை அன்றாட வேலைபோற் செய்வர். தனி முயற்சியாளனுக்கு இடமிராது. சமதர்மம் வந்துசேரும் எனக் கணித்தார். அதனை அவர் விரும்பினாரல்லர். இக்கணிப்பு முழுதும் பலிக்கவில்லை. 1991இலே சோவியத் ஒன்றியமே கலைந்தது. பெரிய நிறுவனமும் தன் ஆய்வின் பயனைத் தானே அடையும் என்பதற்கு உறுதியில்லை. கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்ரீவன் சாசன் 1975இலே எண்ணிம ஒளிப்படக் கருவியை அமைத்தார். படச்சுருள் வணிகத்தைப் பெரிதும் நம்பியிருந்த அந்நிறுவனம் 2012இலே வங்குரோத்துப் பாதுகாப்பை நாடவேண்டியதாயிற்று. முற்கூறிய கணிப்பிலும் ஆக்க அழிவு என்னும் கருத்தே வலிமையுடையதென்பதற்கு இதுவே சான்று.

மறைவும் புகழும்

1948இலே அமெரிக்கப் பொருளியற் கழகத்தின் தலைவரானார்.  1950 ஜனவரி 8ஆந் திகதி கொனெக்ரிக்கற் மாநிலத்திலே தம் வீட்டிற் காலமானார். முற்றுப்பெறாது கிடந்த அவரது பொருளியற் பகுப்பாய்வு வரலாற்றை, தாமும் நோயுற்றிருந்த எலிசபெத் அம்மையார் அரும்பாடுபட்டு ஒழுங்கு செய்தார். 1953இலே அம்மையார் மறைய, 1954இலே நூல் வெளிவந்தது. 2025ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு, புத்தாக்கத்தால் விளையும் வளர்ச்சியை ஆராய்ந்த ஜொயெல் மொக்கிர், பிலிப் அகியோன், பீற்றர் ஹொவிற் ஆகிய மூவர்க்கு வழங்கப்பட்டது. பின்னவர் இருவரும் 1992இலே சும்பீற்றரின் ஆக்க அழிவுக்குக் கணித வடிவம் அளித்தவராவர். வாழ்நாளிலே கெயின்சின் ஒளியில் மறைந்திருந்தவரின் கருத்து, மறைந்து எழுபத்தைந்து ஆண்டுகளின் பின் உலகத்தின் முன்னணியில் நின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கன யாவை? படிப்பின் பயன் உத்தியோகம் ஒன்றே என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் வேரூன்றியிருக்கின்றது. உத்தியோகம் இழிவன்று, ஆயின் எல்லாரும் செக்கையே சுற்றினால் புதுவழி காண்பார் யார்? இளைஞராகிய நாம் சிறியதாயினும் புதியதொன்றைச் செய்யத் துணிதல் வேண்டும். துணிந்தவனை நம்பி உதவும் கடமை முதியோர்க்கு உரியது. முயன்று தோற்றவனை ஊர் இகழ்தலும் தகாது. நாற்பத்தொரு வயதிலே அனைத்தையும் இழந்தவர் அதன்பின் எழுதிய நூல்களையன்றோ இன்று உலகம் படிக்கின்றது! இவற்றோடு இன்னொன்றும் உண்டு. நம் புதுமையால் எவனுடைய பிழைப்புக் கெடுகின்றதோ அவனுக்கு வேறு பிழைப்புத் தேடிக்கொடுப்பதும் நம் முயற்சியின் பகுதியே. அதனைச் செய்யாது பெறும் வெற்றி, சம்பாரண் உழவனின் தலையிலே சுமையை ஏற்றிய வெற்றியாகவே முடியும்.